தாங்காச் சண்டையில் ஓடியவர்கள்

2023 நவம்பர் 5

வாசகர் ஒருவர் கேட்டிருப்பது: "முதல் உலகப்போரில் கிழக்கு ஆப்பிரிக்காவில் இறங்கிய மதராஸ் பட்டாளம், தேனீ கொட்டியதற்குப் பயந்து துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் ஓடியது என்று ஒரு காணொளியில் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். இது உண்மையா, அல்லது வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதையா?"

பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் அந்தப் பாதியும் பொய்யாகிவிடும் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். சண்டை நடந்தது 1914 நவம்பர் 2 முதல் 5 வரை. இடம், அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் துறைமுகமான தாங்கா; இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. மேஜர் ஜெனரல் ஏய்ட்கன் என்பவரின் தலைமையில் இந்தியாவிலிருந்து ஏறக்குறைய 8,000 பேர் கப்பலேறிப் போனார்கள். எதிரில் பவுல் ஃபான் லெட்டோவ்-ஃபோர்பெக்கின் படை, சுமார் ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் அஸ்காரிகள் எனப்படும் ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஆயிரம் பேர் எட்டாயிரம் பேரைக் கடலுக்கே திருப்பி அனுப்பினார்கள். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி நம் பக்கம் 360 பேர் இறந்தார்கள், 487 பேர் காயம்பட்டார்கள். தேனீ கொட்டியது உண்மை, ஓடியதும் உண்மை. ஆனால் தேனீ கொட்டியதால் ஓடினார்கள் என்பது உண்மையன்று. ஓட்டம் முதலில் வந்தது, தேனீ பிறகுதான் வந்தது.

எனக்கு இதில் சொந்த அக்கறை உண்டு என்பதையும் மறைக்க வேண்டாம். என் கொள்ளுத்தாத்தா அந்தக் கரையில் இறங்கியவர். ஓடியதாக எழுதப்பட்டிருக்கும் 63வது பாளையங்கோட்டை இலகு காலாட்படையில் இருந்தவர்.

2023 நவம்பர் 5, இரவு

"நம் பக்கம்" என்று எழுதிவிட்டேன். எது நம் பக்கம் என்று உடனே ஒருவர் கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானதுதான். போளூருக்கு மேற்கே ஜவ்வாது மலை அடிவாரத்தில் பிறந்த ஒரு பையனுக்கு ஜெர்மானியரோடு என்ன பகை இருந்திருக்க முடியும்? மாதம் 11 ரூபாய்ச் சம்பளம் இருந்தது. அந்தப் பக்கம்தான் அவருடைய பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2023 நவம்பர் 7

ஏன் ஓடினார்கள் என்பதற்கு வருகிறேன். ஒரு சிப்பாயின் ஓட்டம் அவன் ஓடத் தொடங்கும் இடத்தில் தொடங்குவதில்லை என்பது என் எண்ணம். இந்த ஓட்டத்தின் ஒரு நுனி சென்னையிலேயே இருக்கிறது.

1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு பொழிந்து, பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை எரித்துவிட்டுப் போனது அனைவருக்கும் தெரியும். கெட்டிக்காரத்தனமாகக் குறும்பு செய்பவனை "சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். அந்த எம்டன் இந்துமாக்கடலில் சுற்றிக்கொண்டிருந்த நாட்களில்தான் ஆப்பிரிக்கா போக வேண்டிய படை பம்பாயில் கப்பலேறியது. பாதுகாப்புக்குப் போர்க்கப்பல் இல்லாமல் புறப்பட முடியாது. ஆகவே ஏறியவர்களில் பலர் துறைமுகத்திலேயே, நகராத கப்பலின் அடித்தளத்துப் புழுக்கத்தில் நாட்கணக்காகக் கிடந்தார்கள். அணிவகுப்பு அக்டோபர் 16 அன்றுதான் நகர்ந்தது. பிறகு தாங்காவுக்குப் போய்ச் சேரப் பதினேழு நாள். ஏரியைத் தவிர வேறு பெருநீர் பார்த்திராத பையன்கள் அந்தப் பதினேழு நாளும் வாந்தி எடுத்துக்கொண்டே போனார்கள். சில படைகளுக்குப் புதிய லீ-என்ஃபீல்ட் துப்பாக்கியைக் கையில் கொடுத்ததே புறப்படும் தறுவாயில்தான். அதைப் பழகிக்கொள்ள ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

இனி நடந்த கூத்தைப் பாருங்கள். நவம்பர் 2 காலையில் ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலின் தலைவர் கரைக்குப் போய், ஊரை ஒப்படைக்கும்படி ஜெர்மன் அதிகாரியிடம் முறைப்படி கேட்டுவிட்டுத் திரும்பினார். திருடப் போகும் வீட்டில் கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டு வந்த கதை. அதன்பின் துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா என்று துழாவுவதில் பகல் முழுவதும் போயிற்று. அதற்குள் லெட்டோவ்-ஃபோர்பெக் மோஷியிலிருந்து தன் கம்பெனிகளை உசம்பாரா இரயில் பாதை வழியாகக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார். காலையில் சிறு காவற்படை மட்டும் இருந்த ஊரில், இரண்டு நாளில் ஆயிரம் பேர் இயந்திரத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார்கள்.

நான்காம் தேதி நண்பகல் வெயிலில், முதுகில் சுமையோடு, எதிரே என்ன இருக்கிறது என்று பத்தடி தாண்டித் தெரியாத ரப்பர் தோட்டத்துக்குள்ளும் புதருக்குள்ளும் அந்த வரிசை நடந்தது. நடு வரிசையில் இருந்த 63வது படை இயந்திரத் துப்பாக்கியின் முன்னால் கலைந்தது. பலர் கரைக்கே திரும்பினார்கள். விழுந்த இடைவெளியை அடைக்க வந்த 98வது படையின் மீதுதான் தேனீக்கள் பாய்ந்தன.

2023 நவம்பர் 8

ஒரு திருத்தம் தேவை. மேலே எழுதியதைப் படித்தால், தமிழர் ஓடினர், மற்றவர் நின்றனர் என்ற தோற்றம் வருகிறது. நவம்பர் 3 காலையில் நடந்த முதல் தாக்குதலில் 13வது ராஜபுத்திரப் படையும் பின்வாங்கியது. பிறவியிலேயே போர்க்குணம் கொண்ட சாதிகள் என்று ஒரு பட்டியல் போட்டு, அதில் ராஜபுத்திரரை மேலேயும் மதராஸ்காரரைக் கீழேயும் வைத்தது அன்றைய இராணுவம். 1880களில் சென்னையில் படைத்தலைவராக இருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு இந்தக் கருத்தைப் பெரிதும் நம்பியவர். அதன் விளைவாக மதராஸ் காலாட்படைகள் பல கலைக்கப்பட்டன. சில பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பஞ்சாபியர் படைகளாக மாறின. மிச்சமிருந்தவற்றுக்கு நல்ல பயிற்சியும் இல்லை, நல்ல போரும் இல்லை. பட்டினி போட்டுவிட்டு, இவனுக்குப் பலமில்லை என்று சொல்லும் மாமியார் கணக்குதான் இது.

நான்காம் தேதி காஷ்மீர் ரைபிள்ஸ் ஊருக்குள்ளேயே புகுந்தது என்பதையும், இடப்பக்கத்தில் 101வது கிரனேடியர்கள் நின்று பெருவாரியாகச் செத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட்டால் நானும் காணொளிக்காரரைப் போல ஆகிவிடுவேன். ஆகவே "யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள்" என்ற என் வாதம் முழுமையாக நிற்காது. நின்றவர்களும் இருந்தார்கள்.

2023 நவம்பர் 8, சற்றுப் பிறகு

மைனர்ட்ஸ்ஹாகனின் நாட்குறிப்பை மேற்கோள் காட்டி ஒருவர் எழுதியிருக்கிறார். சிப்பாய்களின் கோழைத்தனம் பற்றிய காரசாரமான வரிகள் பெரும்பாலும் அவரிடமிருந்துதான் வருகின்றன. அவர் தாங்காவில் பிரிட்டிஷ் உளவு அதிகாரியாக இருந்தார் என்பது மெய். அருங்காட்சியகங்களிலிருந்து பறவைத் தோல்களைத் திருடி, பிடித்த இடத்தையும் தேதியையும் மாற்றி எழுதித் தன் சேகரிப்பாகக் காட்டியவர் என்பதும் பின்னாளில் நிரூபிக்கப்பட்ட மெய். பறவைக்கே பொய்ச் சீட்டு எழுதியவர் சிப்பாய்க்கு எழுதியதை நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

2023 நவம்பர் 11

தேனீ பற்றிக் கேலி செய்பவர்கள் தேனீயிடம் கொட்டு வாங்காதவர்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் ஏரிக்கரைக்குப் பக்கத்துப் புளியமரத்தில் இருந்த மலைத்தேன் கூட்டை எவனோ கல்லால் அடித்துவிட்டான். நான் அதற்குக் கீழே ஆட்டுக்குட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு சத்தம் வந்தது. தூரத்தில் மாவு அரைக்கும் இயந்திரம் ஓடுவதைப் போல. அடுத்த நொடியில் இமையில், காதுமடலுக்குள், உதட்டில், சட்டைக்குள். ஆட்டுக்குட்டி யாருடையது, நான் யார், எந்தத் திசையில் வீடு என்பதெல்லாம் மறந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும்தான். கிணற்றில் குதித்து, மூக்கு மட்டும் வெளியே தெரிய நின்றேன். மூச்சுவிட மேலே வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு கொட்டின. தூக்கி வந்து உடம்பெல்லாம் சுண்ணாம்பு தடவினார்கள். மூன்று நாள் கண் திறக்கவில்லை. எண்ணி எடுத்த கொடுக்குகள் முப்பத்தாறு என்று என் தாய் சொல்வார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எண்ணிக்கை கூடும்.

ஆப்பிரிக்கத் தேனீ இதைவிடச் சினம் மிகுந்தது. அந்தப் பக்கத்து மக்கள் குடைந்த மரக்கட்டைகளைக் கிளைகளில் தொங்கவிட்டுத் தேன் வளர்ப்பவர்கள். குண்டுகள் கூடுகளைத் துளைத்ததும் தேனீக்கள் கீழே இருந்தவர்கள்மேல் பாய்ந்தன. கொடி பார்த்துப் பாயவில்லை. ஜெர்மானியர் பக்கமும் கொட்டு வாங்கினார்கள். ஜெர்மானியர்தாம் கயிறு கட்டித் தேனீயை ஏவினார்கள் என்று ஒரு கதை அப்போதே பரவியது. தோற்றவர்களுக்கு எதிரியின் தந்திரம் என்ற விளக்கம் எப்போதும் ஆறுதல் தரும்.

2023 நவம்பர் 12

அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். வயது எண்பத்தாறு, கொள்ளுத்தாத்தா இறக்கும்போது அவருக்கு இருபது. என் கொள்ளுத்தாத்தா அத்தைக்குத் தாத்தா.

எங்கள் வீட்டில் அந்தப் போருக்குத் "தாங்காச் சண்டை" என்றுதான் பெயர். சிறு வயதில் கேட்டபோது, தாங்க முடியாத சண்டை என்று பொருள் கொண்டிருந்தேன். என் தந்தையும் அப்படித்தான் நினைத்திருந்தார். அத்தை இன்றுவரை அப்படியே நினைத்திருந்தார். அது ஓர் ஊரின் பெயர் என்று நான் சொன்னபோது மறுமுனையில் சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, "ஊரு பேருன்னா இன்னாடா, தாங்காததுனாலதானே அந்தப் பேரு வச்சிருப்பான்" என்றார்.

ஓடினாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டேன். "அவரு எங்கடா ஓடினாரு? தண்ணியில நின்னாரு. கழுத்து மட்டும் தண்ணி. அதைத்தான் சொல்லுவாரு" என்றார். தேனீயைப் பற்றி அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "கதண்டு கொட்டிச்சுன்னு சொல்லுவாரு, ஆனா அது அவரை இல்லை" என்றார்.

நவம்பர் 5 அன்று படை கரையை விட்டுப் போனபோது, சிப்பாய்கள் கடலுக்குள் நடந்துபோய்த்தான் படகு ஏறினார்கள். பொருளையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னது மேலிடத்து உத்தரவு. நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் இலட்சக்கணக்கான தோட்டாக்களும் ஜெர்மானியர் கையில் சிக்கின. லெட்டோவ்-ஃபோர்பெக் அவற்றைக் கொண்டு போரைத் தொடர்ந்தார். ஆகவே "துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் ஓடினார்கள்" என்ற காணொளி வாக்கியத்தில் இரண்டு வெவ்வேறு நாட்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. நான்காம் தேதி ஓடியவர்கள் வேறு, ஐந்தாம் தேதி உத்தரவுப்படி தண்ணீரில் இறங்கியவர்கள் வேறு.

2023 நவம்பர் 19

ஊருக்குப் போய் வந்தேன். பதக்கம் ஒன்று மிச்சமிருக்கிறது.

மூன்று இருந்தனவாம். வெள்ளிப் பதக்கம் 1950களில் அத்தையின் திருமணத்துக்குக் கொலுசாக மாறியது. அந்தக் கொலுசும் இப்போது இல்லை. இன்னொன்று பிள்ளைகள் விளையாடித் தொலைத்தது. மூன்றாவது, வெண்கல நட்சத்திரம். விற்றாலும் காசு வராது என்பதால் தப்பியது. பழைய காலணாக்களோடும் ஓர் ஓட்டைச் சாவியோடும் பித்தளைச் செம்புக்குள் கிடந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. குறுக்கே இரண்டு வாள், நடுவில் 1914-15 என்று ஒரு சுருள்பட்டை, உச்சியில் கிரீடம். முழுவதும் கருத்துப் பாசிபிடித்திருந்தது. பின்பக்கம் தட்டையானது, ஏதோ எழுத்து இருப்பது விரலுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை.

புளி போட்டுத் தேய்த்தேன்.

2023 நவம்பர் 19, இரவு

ஆம், தெரியும். பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது, மதிப்புக் குறைந்துவிடும் என்று நான்கு பேர் எழுதிவிட்டீர்கள். ஒருவர் "கொலைபாதகம்" என்ற சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். எங்கள் வீட்டில் குத்துவிளக்கு முதல் அண்டா வரை புளிக்குத் தப்பிய உலோகம் கிடையாது.

2023 நவம்பர் 20

எழுத்து தெரிந்துவிட்டது. முதல் பதிவில் நான் எழுதியது தவறு.

எண், சிப்பாய் என்ற பதவி, சிதைந்த எழுத்துக்கூட்டலில் அவர் பெயர், அதன்பின் 61 பயனீர்ஸ். 63 என்று படிக்க முடியுமா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒன்றுதான். எழுத்தாகவே "பயனீர்ஸ்" என்று இருப்பதால் ஐயத்துக்கு இடமில்லை. அவர் பாளையங்கோட்டைப் படையில் இருந்ததே இல்லை. தாங்காவில் ஓடிய தமிழ்ப்படை 63வது படை என்று எங்கோ படித்ததையும், எங்கள் தாத்தா தாங்காவில் இருந்தார் என்பதையும் நானே முடிச்சுப் போட்டு, இருபது ஆண்டுகளாக அதை உண்மை என்று சுமந்துவந்திருக்கிறேன்.

எழுத்தைப் படித்த அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை ஒளிக்காமல் எழுத வேண்டும். "அப்பாடா" என்று தோன்றியது. ஓடியவர்களுக்காக இரண்டு வாரம் இங்கே வழக்காடியவன், தன் ஆள் அவர்களில் ஒருவர் அல்லர் என்று தெரிந்ததும் மூச்சு விட்டேன். அப்படியானால் என் வாதத்தை நானே நம்பவில்லை என்றுதான் ஆகிறது. 63வது படையில் இருந்த ஏதோ ஒரு நெல்லைச் சீமைப் பையனின் கொள்ளுப்பேரன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், அவருக்கு இந்த "அப்பாடா" எப்படிக் கேட்கும் என்று யோசித்தபோது கூசியது.

2023 நவம்பர் 22

மூச்சு விட்டதற்கும் பெரிய அடிப்படை இல்லை என்று இப்போது தெரிகிறது.

61வது பயனீர்ஸ், மதராஸ் படைகளில் மிகப் பழையது. அதன் வேர் 1758-க்குப் போகிறது. பயனீர் என்றால் பாதிச் சிப்பாய், பாதிக் கொத்தனார் என்று வைத்துக்கொள்ளலாம். துப்பாக்கியோடு மண்வெட்டியோ கடப்பாறையோ சுமந்து செல்வான். முன்னே போய்ப் பாதை வெட்டுவான், தேவைப்பட்டால் நின்று சுடுவான். தாங்காவில் முதலில் கரையிறங்கியது இந்தப் படையும் 13வது ராஜபுத்திரப் படையும்தான். நவம்பர் 2 இரவில் ராஸ் கசோனே முனையில், அலையாத்திக் காட்டுச் சேற்றுக்குள் இறக்கிவிடப்பட்டார்கள். தூங்கவில்லை, சாப்பிடவில்லை. விடியலில் ஊரை நோக்கி நடக்கச் சொன்னார்கள். ஊருக்குக் கிழக்கே இரயில் பாதைக்காக வெட்டிய பள்ளத்தில் ஜெர்மன் படை பதுங்கியிருந்தது. முன்னால் போன அதிகாரிகள் விழுந்தார்கள். காலை முடிவதற்குள் இரண்டு படைகளும் கடற்கரைப் பக்கம் திரும்பிவிட்டன.

ஆகவே மூன்றாம் தேதி அவரும் ஓடியவர்தான். "பின்வாங்கினார்" என்று எழுத ஆசையாக இருக்கிறது. 63 ஓடியது, 61 பின்வாங்கியது என்று எழுதினால், சொல்லை வைத்து வேலி போடுகிறேன் என்று நீங்கள் சரியாகவே பிடித்துவிடுவீர்கள்.

தேனீ விஷயமும் இதோடு தெளிகிறது. முதல் நாள் அடிபட்ட படைகள் நான்காம் தேதி முன்வரிசையில் இல்லை; பின்னால் நிறுத்தப்பட்டிருந்தன. கொட்டு வாங்கி முகம் வீங்கி வந்தவர்களை அவர் பார்த்திருக்க வேண்டும். "அது அவரை இல்லை" என்று அத்தை சொன்னது அறுபது ஆண்டு கழித்தும் பிசகாமல் நிற்கிறது. இருபது வயதில் கேட்டதை எண்பத்தாறிலும் கூட்டாமல் குறைக்காமல் சொல்பவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால், இந்தப் பதிவுகளில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

2023 டிசம்பர் 3

தாங்காவோடு அவர் ஊர் திரும்பவில்லையா என்று ஒருவர் கேட்கிறார். இல்லை. திரும்பியிருந்தால் இந்தச் சொல் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

எங்கள் வீட்டில் மாட்டை ஏரிக்கரைச் சரிவில் இறக்கும்போது "போலே போலே" என்று சொல்வது வழக்கம். என் தந்தை சொல்வார், நானும் சொல்லியிருக்கிறேன். பட்டாளத்து இந்தி என்று நினைத்திருந்தோம். போன வாரம் ஒரு நண்பர், மும்பாசாவில் பல ஆண்டு கணக்கராக வேலை பார்த்தவர், அது ஸ்வாஹிலி என்றார். மெதுவாக, மெதுவாக என்று பொருள். மூன்று நாள் சண்டை போட்டுவிட்டுக் கப்பலேறியவனுக்கு அந்தச் சொல் மாட்டுக்குச் சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொள்ளாது. சுமைகாரர்களுக்குப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்தவனுக்குத்தான் ஒட்டும்.

61வது படை 1916-லும் அங்கேயே இருந்தது. கிழக்கு ஆப்பிரிக்கப் போர் என்பது பெரும்பாலும் சுடும் போர் அன்று, நடக்கும் போர். லெட்டோவ்-ஃபோர்பெக் போக்குக் காட்டிக்கொண்டே போனார், ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி கிடைத்த பிறகு 1918 நவம்பர் 25 அன்றுதான் சரணடைந்தார். செட்சி ஈ கடித்து குதிரையும் மாடும் செத்தன. ஆகவே எல்லாவற்றையும் மனிதர் தலையில்தான் ஏற்றினார்கள். பிரிட்டிஷ் தரப்புக்குச் சுமந்த ஆப்பிரிக்கர்களில் ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் செத்தார்கள், பெரும்பாலும் நோயாலும் பசியாலும். தாங்காவில் குண்டுபட்டு இறந்தவர்களைப் பற்றி நான்கு வாரமாக எழுதிக்கொண்டிருக்கும் நான், இந்த எண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கே உறுத்துகிறது.

அத்தை சொன்ன இன்னொன்றும் இப்போது பொருள்படுகிறது. தாத்தாவின் இடது காலில் இரண்டு விரல்களுக்கு நகமே இல்லை. "மண்ணுல இருக்கற பூச்சி விரலுக்குள்ள பூந்து முட்டை வைக்கும், ஊசியால நோண்டி எடுக்கணும்" என்று சொல்வாராம். அங்கே மணலில் இருக்கும் ஒருவகைத் தெள்ளுப்பூச்சி அது. நகத்தடியில் புகுந்து தங்கும். அதை நோண்டி எடுக்கத் தெரியாமல் விரலையே இழந்தவர்கள் உண்டு.

2023 டிசம்பர் 10

எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்த பகுதி இது.

பயனீர் படைகள் தமிழர்களையும், அவர்களில் பறையர்களையும் கிறிஸ்தவர்களையும் சேர்த்துக்கொண்டன. எங்கள் சேரியிலிருந்து ஒருவர் சிப்பாயாக முடிந்தது அதனால்தான். போர் முடிந்து அவர் வேலூரில் இரயில் இறங்கி, மாட்டு வண்டியில் பாதி தூரமும் நடந்து பாதி தூரமும் வந்திருக்கிறார். காலில் சர்க்கார் பூட்ஸ். ஏரிக்கரையிலிருந்து சேரிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய காலம். அவர் தெருமுனையில் நின்றாராம். எவ்வளவு நேரம் நின்றார் என்பதை ஆளுக்கு ஒருவிதமாகச் சொல்கிறார்கள். பிறகு தெருவுக்குள் போகாமல் திரும்பி, ஏரியைச் சுற்றிக்கொண்டு, சேற்றில் இறங்கி, பூட்ஸோடு வீட்டுக்கு வந்தார். இறந்த நாள்வரை அந்தத் தெருவில் செருப்பைக் கையில் தூக்கியும் நடக்கவில்லை, காலில் போட்டும் நடக்கவில்லை. சுற்றித்தான் போவார். அரை மணி கூடுதல்.

என் தந்தைக்கு இந்தக் கதையில் கோபம் உண்டு. "ஜெர்மன்காரனைப் பார்த்தவர், இவர்களைப் பார்த்து ஏன் பயந்தார்?" என்பார். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். அத்தை ஒப்புக்கொள்வதில்லை. "கழட்டலையே, அதைப் பாரு" என்பார். இப்போது எனக்கு அத்தை பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அடுத்த மாதம் எந்தப் பக்கம் சாய்வேன் என்று உறுதி கொடுக்க முடியாது.

மதராஸ் பயனீர் படைகளை 1933-ல் கலைத்துவிட்டார்கள். எங்கள் சேரியில் அடுத்த சிப்பாய் இரண்டாம் உலகப்போரில்தான் சேர்ந்தார்.

2023 டிசம்பர் 11

"இழை தேனீயில் தொடங்கிச் சாதியில் வந்து நிற்கிறது, தலைப்புக்கு வாருங்கள்" என்று ஒருவர். நான் தலைப்பில்தான் இருக்கிறேன். ஓடினார்களா என்பதுதானே கேள்வி.

2024 ஜனவரி 6

வேலூர் போனபோது மணிக்கூண்டில் இருக்கும் கல்லைப் பார்த்தேன். இவ்வூரிலிருந்து 277 பேர் 1914-19 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. இதே வாசகத்தில், எண் மட்டும் மாறி, தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும் கல் உண்டு. பேர் எதுவும் கிடையாது. எண் மட்டும்தான். கழித்துப் பார்த்தால் 263 வருகிறது. கல்லில் அந்த எண் இல்லை, நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும்.

தாங்காவில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கும் நினைவிடம் இருக்கிறது. அங்கே இறந்த இந்தியச் சிப்பாய்களுக்கு உரியது. அதே ஆணையம் 2021-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆசிய, ஆப்பிரிக்கப் படையினரில் பல்லாயிரக்கணக்கானோருக்கு வெள்ளையருக்குச் செய்ததைப் போல நினைவுக்கல் வைக்கவில்லை, பலருக்குப் பெயரே பொறிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டது.

இதை அத்தையிடம் சொன்னேன். "நம்ம தாத்தா பேரு அங்க இருக்குமா?" என்றார். அது செத்தவர்களுக்கு, அவர்தான் திரும்பி வந்துவிட்டாரே என்றேன். "அப்ப வேணாம்" என்றார்.

2024 ஜனவரி 15

பதக்கத்தின் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். போட முடியாது, அது இப்போது என்னிடம் இல்லை. பொங்கலுக்குப் போனபோது அத்தையிடம் கொடுத்துவிட்டேன். கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மஞ்சளாகப் பளபளத்தது. பின்பக்கத்து எழுத்தை விரலால் தடவிக் காட்டினேன். எண்ணைப் படித்துச் சொன்னேன், 61 என்று சொன்னேன், மண்வெட்டி சுமந்த பட்டாளம் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"தாத்தாவுது கறுப்பா இருக்கும்டா" என்றார். புளி போட்டுத் தேய்த்தேன் என்று மூன்று முறை விளக்கியும் ஒப்புக்கொள்ளவில்லை. செம்புக்குள் போட்டு மூடி வைத்துவிட்டு, கறுப்பு நட்சத்திரம் வேறு எங்கேயோ இருக்கிறது, பரணில் நன்றாகத் தேடிப் பார் என்று என்னை ஏணி எடுத்து வரச் சொன்னார்.